வடக்கே போகாமல் மாஹேபூர் போனோம்

மொரிஷியஸில் திங்கட்கிழமை விடுமுறை விழுந்தால் பாதித் தீவு வடக்கே கிளம்பிவிடும். கிரான் பே, ட்ரூ ஓ பிஷ், பெரேபேர் என்று எங்கே பார்த்தாலும் கார், பிரியாணிச் சட்டி, ஸ்பீக்கரில் செகாப் பாட்டு. எனக்கும் அது பிடிக்காமல் இல்லை. ஆனால் இந்த முறை நவம்பர் 2 திங்கட்கிழமையில் வந்தது. 1834-இல் அட்லஸ் கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளை நினைக்கும் நாள். அன்றைக்கு அரசியல்வாதிகள் எல்லோரும் போர்ட் லூயிஸில், அந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படித்துறையில் மாலை போடுவார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். நாம் தீவின் கதை எங்கே தொடங்கியதோ அந்தத் தென்கிழக்குக் கடற்கரைக்கு, மாஹேபூருக்குப் போவோம் என்று சொன்னேன்.

கணவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை. "ஒரு மியூசியம், நாலு பீரங்கி. ரெண்டு மணி நேரத்துல பாத்துட்டு வந்துடலாமே, அங்க போய்த் தங்கணுமா?" என்றார். மகனுக்குப் பள்ளியில் வரலாற்றுப் பாட வேலை ஒன்று இருந்ததால் அவன் என் கட்சி. மகளுக்கு ஆமை பார்க்க வேண்டும். அத்தை பிறந்து வளர்ந்தது ரோஸ் பெல் பக்கத்துக் கரும்புத் தோட்டக் காம்ப். "மாஹேபூர் சந்தைக்குப் போய் எத்தன வருஷம் ஆச்சு" என்றார் அவர். அதோடு ஓட்டெடுப்பு முடிந்தது. (எங்கள் வீட்டில் பேச்சு முக்கால்வாசி கிரியோல்தான். இங்கே எல்லோரையும் தமிழ் பேச வைத்திருக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு இந்த உரிமைகூட இல்லையா?)

நாங்கள் கிளம்பிய கத்ர் போர்னிலிருந்து நெடுஞ்சாலையில் ரோஸ் பெல், ப்ளேன் மாஞ்யான் தாண்டினால் விமான நிலையம், அப்புறம் மாஹேபூர். புவான்த் தெஸ்னியில் கணவரின் நண்பர் ஒருவருடைய கம்பமான் கிடைத்தது. கடலோரச் சின்ன வீடு, தகரக் கூரை, வாசலில் ஃபிலாவோ என்கிற சவுக்கு மரங்கள். சாமான் இறக்கியதும் அத்தை முதலில் அடுப்பைப் பார்த்தார், கணவர் வைஃபை பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

இந்தக் குடாவைப் பார்த்தால் நல்ல துறைமுகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு பக்கம் சிங்க மலை காவல் இருக்கிறது. வெளியே வெகு தூரத்தில் வெள்ளைக் கோடு போல அலை உடைகிறதே, அதுதான் பவளப்பாறை. அந்தப் பாறைக்கு உள்ளே கடல் குளம் மாதிரி கிடக்கும். பாறையில் இருக்கும் ஒரு திறப்பு வழியாகத்தான் பெரிய கப்பல் உள்ளே வர முடியும். 1598 செப்டம்பர் 20-இல் வைப்ராண்ட் வான் வார்விக் தலைமையில் டச்சுக் கப்பல்கள் இங்கே வந்து, இளவரசர் மாரிட்ஸ் பெயரைத் தீவுக்கு வைத்தன. 1642-இல் ஏபல் டாஸ்மன் கப்பலைப் பழுது பார்க்க இங்கேதான் நின்றார். இங்கிருந்து கிளம்பிப் போய்த்தான் இன்றைக்கு டாஸ்மேனியா என்கிற தீவையும் நியூசிலாந்தையும் பார்த்தார்.

அப்படிப்பட்ட துறைமுகம் ஏன் தலைநகராகவில்லை? பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அரச வம்சத்தின் பெயரில் போர் பூர்போன், அதாவது பூர்போன் துறைமுகம், என்று ராஜ மரியாதையோடு பெயர் வைத்துவிட்டு, தலைநகரைப் போர்ட் லூயிஸுக்கு ஏன் கொண்டுபோனார்கள்? மகன் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் படகில் கிடைத்தது. அதற்கு முன் மியூசியம்.

மாஹேபூர் வரலாற்று மியூசியம் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு பிரெஞ்சு மாளிகை. ரோபியார் குடும்பத்தின் வீடு. மரங்கள் சூழ்ந்து குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே 1744-இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணி இருக்கிறது. லா பூர்தொனேயின் கரும்பாலைக்கு இயந்திரங்கள் ஏற்றி வந்த கப்பல் அது. இந்த லா பூர்தொனேயை நாம் கொஞ்சம் உரிமையோடு திட்டலாம், உரிமையோடு பாராட்டவும் செய்யலாம். 1735-இல் பிரெஞ்சுக் கவர்னராக வந்து, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர் என்று கைவேலைக்காரர்களைக் கூட்டி வந்து போர்ட் லூயிஸைக் கட்டியவர். ஒப்பந்தக் கூலிகளுக்கு நூறு வருடம் முன்பே தமிழர் இங்கே வந்தது அப்படித்தான். பிறகு 1746-இல் இங்கிருந்து கப்பல்களோடு போய்ச் சென்னையையே பிடித்தார். மாஹேபூர் என்ற பெயரில் இருக்கும் மாஹே அவர்தான். நவம்பர் 2 அன்று யாரும் இந்தக் கொத்தனார்களை நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். மகனிடம் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் கணவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த அறையில்தான் 1810. தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, அவர்களும் ஆங்கிலேயரும் இந்தக் குடாவில் மோதிய சண்டை. நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ‘கிரான் போர்’ கடற்சண்டை. பாரிஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவில் வெட்டியிருக்கும் பெயர்களில் நெப்போலியன் காலத்துக் கடல் வெற்றி இது ஒன்றுதான். வெற்றி எப்படி வந்தது என்று கேட்டால்தான் சுவாரசியம்.

முதலில் ஆங்கிலேயர் திறப்பின் வாசலில் இருக்கும் இல் து லா பாஸ் என்ற குட்டித் தீவின் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததும் பிரெஞ்சுக் கொடியையே ஏற்றி வைத்துக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று துய்பெரே என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் கொடியை நம்பி வந்தன. குண்டு பாய்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துய்பெரேயின் ஆட்கள் திரும்பிப் போகாமல் உள்ளே நுழைந்து, குடாவின் ஆழத்தில் வரிசையாக நங்கூரம் போட்டார்கள். வழிகாட்டும் மிதவைகளையும் இடம் மாற்றி வைத்தார்கள். 23-ஆம் தேதி நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் தாக்க வந்தன. சிரியஸ் பாறையில் ஏறி உட்கார்ந்தது. மஜிசியென்னும் ஏறி உட்கார்ந்தது. நெரெய்ட் மட்டும் நெருங்கிப் போய், அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் செத்தோ காயப்பட்டோ போகும்வரை அடி வாங்கியது. சிக்கிய இரண்டு கப்பல்களுக்கும் அவற்றின் ஆட்களே தீ வைத்தார்கள். இஃபிஜீனியா கடைசியில் சரணடைந்தது.

நெரெய்டின் தலைவர் வில்லோபிக்கு ஒரு கண் போனது. துய்பெரேக்கு முகத்தில் அடி. இரண்டு பேரையும் இதே வீட்டுக்குத் தூக்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். மியூசியத்துக்கு வரும் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டு "ஆஹா" என்பார்கள். அத்தை மட்டும் "மத்த பேர எங்க வெச்சு வைத்தியம் பாத்தாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அந்தச் சண்டை பற்றிக் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான்.

மகன் நோட்டில் எழுதிக்கொண்டே, "அப்படின்னா ஜெயிச்சது பிரெஞ்சுக்காரங்க இல்ல, பாறைதானே?" என்றான். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் போட எனக்குக் கை வராது. அன்று போட்டேன்.

ஆங்கிலேயருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை இந்தப் பக்கமே வரவில்லை. வடக்கே பாறைகளுக்கு இடையே வழியை முன்கூட்டி அளந்து வைத்துக்கொண்டு, நவம்பர் 29-இல் காப் மலெரே அருகே இறங்கினார்கள். டிசம்பர் 3-இல் தீவு அவர்கள் கையில். இறங்கிய படையில் சென்னையிலிருந்து கப்பலேறிய சிப்பாய்களும் இருந்தார்கள். வளைவில் வெட்டிய வெற்றி மூன்று மாதம் கொஞ்சம் தாண்டி நின்றது.

ஞாயிறு காலை படகு. படகுக்காரரைப் பிள்ளைகள் "தோன்தோன்" என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாத மாமாக்கள் எல்லோரும் தோன்தோன்தான். ஐம்பது தாண்டிய மனிதர், வெயிலில் பழுத்த முகம். அத்தை படகு ஏறமாட்டேன் என்று கரையிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் இல் ஓ ஸெக்ரெத். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. தீவு முழுக்க எரிமலைக் கல் என்றால் இது மட்டும் பவளச் சுண்ணாம்பு. டச்சுக்காரர் வெட்டித் தீர்த்த கருங்காலி மரம் இங்கே கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் களையெடுத்து, எலியை ஒழித்து, நம் ஊர்ச் செடிகளைத் திரும்ப நட்டு வளர்க்கிறது. இளஞ்சிவப்புப் புறா ஒன்று தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. 1990-ஐ ஒட்டிக் காட்டில் பத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்த பறவை. மகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்கு ஆமைதான். நம் தீவின் சொந்த ராட்சத ஆமைகளை மாலுமிகள் தின்று தீர்த்துவிட்டதால், செஷல்ஸின் அல்டாப்ராத் தீவிலிருந்து கொண்டுவந்த ஆமைகள் அந்த வேலையைச் செய்கின்றன. கருங்காலிப் பழத்தைத் தின்று, விதையை எச்சத்தோடு போட்டு, காட்டை வளர்ப்பது. "அப்ப ஆமைதான் தோட்டக்காரன்" என்றாள் மகள். ஒரு ஆமையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவளைச் சட்டை செய்யவில்லை.

அங்கிருந்து இல் து லா பாஸ் போகிற வழியில்தான் மகனின் கேள்விக்குப் பதில். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் தோன்தோன் படகு ஓட்டினார். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பாறை, பக்கமே போகாதே. காற்று முகத்தில் அடித்தது. வருடத்தில் பெரும்பாலான நாள் இங்கே காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசும், நேராக இந்தத் திறப்பைப் பார்த்து. பாய்மரக் கப்பலுக்கு முதுகில் காற்று வாங்கிக்கொண்டு உள்ளே வருவது சுலபம். வெளியே போக வேண்டுமென்றால் காற்று எதிரே, இரண்டு பக்கமும் பாறை, திரும்ப இடமில்லை. காற்று மாறும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். போர்ட் லூயிஸ் தீவின் மறுபக்கம், மலைகளின் மறைவில் இருக்கிறது. லா பூர்தொனே அதைத் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

படகின் அடியில் மூங்கிலில் பின்னிய மீன்கூடு ஒன்று கிடந்தது. தோன்தோன் அதைக் காலால் தட்டிக் காட்டி, "இந்தக் குடாவும் இதே மாதிரிதான். உள்ளே வர வாய் பெரிசு, வெளியே போக வாய் சிறிசு" என்றார். புத்தகத்தில் நான் படித்துப் படித்துப் புரிந்துகொண்டதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கோட்டைத் தீவில் இடிந்த சுவர், பழைய தண்ணீர்த் தொட்டி, கடல் பார்த்த துப்பாக்கித் துளைகள். நிழல் கிடையாது. தண்ணீர் எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது தோன்தோன் புவான்த் தெஸ்னிக்கு நேர் எதிரே பாறையில் அலை உடையும் ஓர் இடத்தைக் காட்டினார். என்ன என்று கேட்கத் தேவையில்லை. 2020 ஜூலை 25 இரவு வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பாறையில் ஏறிய இடம். ஏறக்குறைய முந்நூறு மீட்டர் நீளக் கப்பல், சிங்கப்பூரிலிருந்து பிரேசில் போகிற வழியில், கைப்பேசிக்கு சிக்னல் பிடிக்கக் கரையோரம் நெருங்கி வந்து மாட்டிக்கொண்டது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. ஆகஸ்ட் 15-இல் கப்பல் இரண்டாக உடைந்தது.

அந்த வாரம் மாஹேபூர் கடற்கரையில் நானும் அத்தையும் இருந்தோம். யாரும் உத்தரவு போடவில்லை. தீவு முழுக்க ஜனங்கள் தாங்களாக வந்தார்கள். துணியை நீளப் பை போலத் தைத்து, அதில் கரும்புச் சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில் கட்டி, கடலில் இறக்கினோம். முடி எண்ணெயை உறிஞ்சும் என்று சலூன்களில் வெட்டிய முடியை மூட்டை கட்டி அனுப்பினார்கள். சோகை திணிக்கத் தெரியாமல் நகரத்துப் பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் வளர்ந்த அத்தை நடுவில் போய் நின்றுகொண்டு, "இப்படிப் பிடி, இப்படி மடி" என்று அதட்ட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் அவரைச் சுற்றி ஒரு படையே இருந்தது. நாற்றம் பல நாள் தலைமுடியில் இருந்தது. 1810-இல் நடந்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2020-இல் இந்தக் கடற்கரையில் நடந்ததுதான் என் கணக்கில் பெரிய சண்டை.

மத்தியானம் காரில் வடக்கு நோக்கிக் கடலோரச் சாலை. ஃபெர்னேயில் டச்சுக்காரர் இறங்கியதற்கு ஒரு நினைவுத் தூண், சாலையோரம், தண்ணீரைப் பார்த்தபடி. 1639-இல் கரும்பும் ஜாவா மானும் தீவுக்கு வந்தது டச்சுக்காரர் காலத்தில் என்று மகன் வாசித்தான். அத்தை காரை விட்டு இறங்காமலே, "ஓ, இவனுங்கதான் கொண்டாந்தானுங்களா?" என்றார். அவர் அப்பா, தாத்தா எல்லோரும் வெட்டிய கரும்பு. குரலில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கொஞ்சம் தள்ளி வியே கிரான் போரில் ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக் கோட்டையின் இடிபாடு. 1638-இல் எழுப்பிய டச்சுக் கோட்டை, அதன் மேலேயே பிற்காலத்து பிரெஞ்சுக் கட்டடங்கள். இங்கே எனக்கு முக்கியம் 1695. அந்த ஜூன் மாதத்தில் அடிமைகள் சிலர் சேர்ந்து இந்தக் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி வங்காளத்து அன்னா. இந்தியாவிலிருந்து ஒரு பெண் இந்தத் தீவுக்குக் கூலியாகக்கூட அல்ல, அடிமையாக வந்து, எசமானின் கோட்டையைக் கொளுத்தியிருக்கிறாள். பிடித்துக் கொன்றுவிட்டார்கள். துய்பெரேயும் வில்லோபியும் படுத்த கட்டிலைப் பற்றி அத்தனை பேசுகிறோம், அன்னாவைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனிமேல் தெரியும்.

புவான்த் து தியாப்ளில் பழைய பிரெஞ்சுப் பீரங்கிகள். இந்த முனையில் கப்பல்களின் திசைகாட்டி முள் தடுமாறும், அதனால்தான் பேய் முனை என்று பெயர் வந்தது என்பார்கள். கணவர் கைப்பேசித் திசைகாட்டியைத் திறந்து சோதித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பயணத்திலேயே அவர் மனம் வைத்துச் செய்த காரியம் அது.

சாப்பாட்டுக்குச் சாலையோரக் கடையில் ஊரித் கறி, சோறு, பருப்பு, மிளகாய் ஊறுகாய். எட்டுக்கால் கணவாயைத்தான் இங்கே ஊரித் என்பது. ஆகஸ்ட் 15-இலிருந்து அக்டோபர் 15 வரை அதைப் பிடிக்கத் தடை, இனப்பெருக்கத்துக்காக. தடை முடிந்து இரண்டு வாரம் தாண்டியிருந்ததால் புதிதாகக் கிடைத்தது. வெந்த பதம் சரி, மசாலா கொஞ்சம் தூக்கல். அத்தைக்கு மசாலாவில் கறிவேப்பிலை போதவில்லை. கடைக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார். அந்தம்மாள் சிரித்துக்கொண்டே கொல்லையில் போய் ஒரு கொத்து ஒடித்து வந்து கையில் கொடுத்தார், வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி.

திங்கட்கிழமை மாஹேபூரில் பெரிய சந்தை. கீரைக் கட்டு, அன்னாசி, ஊறுகாய் பாட்டில், சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி. காத்தோ பிமான் என்கிற காரப் பருப்பு வடையைச் சூடாக எண்ணெயிலிருந்து எடுத்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு காலை உணவு எனக்குத் தேவையில்லை. நூறு ரூபாய் நோட்டை நீட்டும்போது மகள் அதில் இருக்கும் ரங்கநாதன் சீனிவாசனின் படத்தைக் காட்டி, "இவர் நம்ம ஆளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப கொடுக்காதீங்க" என்றாள்.

மரவள்ளி பிஸ்கட் வாங்காமல் மாஹேபூரை விட்டுக் கிளம்பக் கூடாது. ரோல் குடும்பத்தின் பிஸ்கட்டாலை 1870-இலிருந்து அதைச் செய்கிறது. மரவள்ளிக் கிழங்கு மாவு, சதுரத் துண்டு, தேங்காய், கறுவா என்று பல வகை. சுடச்சுடத் தேநீரில் தோய்த்தால்தான் அதன் குணம் தெரியும், வெறும் வாயில் தின்றால் கொஞ்சம் மாவாக அப்பும். தேங்காய், கறுவா இரண்டும் வாங்கினோம். அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, பள்ளி ஆசிரியர் அறைக்கு என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினோம். தேங்காய்ப் பாக்கெட்டைக் கணவர் ரோஸ் பெல் தாண்டும் முன்பே பிரித்துவிட்டார், ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு. அக்காவுக்குக் கறுவா போதும் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.